“அப்பா எப்போம்மா வருவாரு?”
குடும்பம் மாறும்போது குழந்தைக்குக் கை கொடுக்கும் கதைகள்

வீட்டில் ஒரு மாற்றம் என்றால் பெரியவர்கள் நாம் எல்லா ஏற்பாடும் செய்துவிடுவோம். டிரான்ஸ்ஃபர் என்றால் லாரி பிடிப்போம், கேஸ் இணைப்பை மாற்றுவோம், ஸ்கூலில் டி.சி. வாங்குவோம். கணவர் துபாய்க்குப் போகிறார் என்றால் ஊறுகாய் முதல் ஒட்டுத்துணி வரை பேக் பண்ணிவிடுவோம். கணவன் மனைவிக்குள் ஒத்துவரவில்லை என்றால் வக்கீலைப் பார்ப்போம். வீட்டில் ஒருவர் இறந்துபோனால் சொந்தபந்தம் எல்லாம் கூடி காரியத்தை நடத்திவிடும்.

ஆனால் அந்த வீட்டுக் குழந்தை? அதற்கு யார் சொன்னது, என்ன நடக்கிறதென்று? “நீ சின்னப் பிள்ளை, போய் விளையாடு” என்று அனுப்பிவிடுகிறோம். போன குழந்தை விளையாடுகிறதா என்று பார்த்தீர்களா? கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். கேட்டது பாதி, கேட்காதது பாதி என்று தானே ஒரு கதையைப் பின்னிக்கொள்ளும். அது அநேகமாக ரொம்பப் பயங்கரமான கதையாகத்தான் இருக்கும்.

அந்தப் பயங்கரக் கதைக்கு மாற்று மருந்து, ஒரு நல்ல கதை. மருந்துச்சீட்டு வேண்டாம், காசும் அதிகம் ஆகாது. ஆனால் எந்தக் கதை, எப்போது, எப்படிச் சொல்வது என்பதற்கு முறை உண்டு. அதுதான் இந்தப் பாடம்.

உப்பளத்து வீடுகள் கற்றுத்தருவது

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைக் கவனித்திருப்பீர்கள். சாலையை ஒட்டிப் பாத்தி பாத்தியாக உப்பளம். வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைக் குவியல்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் போல உப்புக்குப் பெயர்பெற்ற ஊர் இது. விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது.

இங்கே குடும்பம் என்பது பருவத்துக்குப் பருவம் மாறுகிற விஷயம். தை பிறந்தால் பாத்தியைச் சேறு மிதித்துச் சமன் செய்யும் வேலை தொடங்கும். உப்புநீரைப் பாய்ச்சி, காயவிட்டு, கோடை முழுக்க உப்பு வாருவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் கிளம்பிவிடுவார்கள். பிள்ளை கண் விழிக்கும்போது வீட்டில் இருப்பது ஆயா மட்டும்தான். ஐப்பசி மழை இறங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் வேறு கூலி வேலை தேடி வெளியூர் போகிறவர்கள் உண்டு. இந்தக் காலத்துக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்தது. பணக்கஷ்டத்துக்கு அது ஒரு கைத்தாங்கல். ஆனால் “அப்பா எப்போம்மா வருவாரு?” என்ற கேள்விக்கு எந்த அரசும் பதில் சொல்ல முடியாது அல்லவா?

போதாததற்கு இயற்கையும் மனிதனும் சேர்ந்து இந்தக் கடற்கரையை உலுக்கியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. 2011 டிசம்பரில் தானே புயல். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவக் குப்பத்தில் நடந்தது இன்னும் கொடுமை. மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்து, இந்தப் பகுதியில் மட்டும் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சனிக்கிழமை வரை அப்பா இருந்த வீடு, அடுத்த வாரம் அப்பா இல்லாத வீடு. அந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்வீர்கள்? எந்த வார்த்தையில் சொல்வீர்கள்?

“அது எங்கேயோ குப்பத்துல, நம்ம வீட்டுக்கு என்ன?” என்று நினைக்காதீர்கள். கணவர் துபாயில், மனைவி அண்ணா நகரில் என்ற குடும்பமும், குடும்பநலக் கோர்ட் வாசலில் நிற்கும் குடும்பமும், தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளையும், சித்தி வந்த வீடும் நம் தெருவிலேயே இருக்கின்றன. காரணம் வேறு, கேள்வி ஒன்றுதான்.

கதை தேடிப் போன ஊர்

மரக்காணத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் படிப்பை மறந்துவிட்டார்கள் என்று தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்த இடம், மரக்காணம் அருகே உள்ள முதலியார்குப்பம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள், அதிகம் பெண்கள், சாயங்காலத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுத் திண்ணையும் கோயில் மண்டபமும்தான் வகுப்பறை. கதை, பாட்டு, விளையாட்டுத்தான் பாடமுறை.

இதன் தொடர்ச்சியாக 2023-ல் அரசுப் பள்ளிகளில் ‘வாசிப்பு இயக்கம்’ வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச்சின்னக் கதைப் புத்தகங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ‘நுழை’. சரளமாகப் படிக்கிற பிள்ளைக்கு ‘பற’. பள்ளிக்கல்வித்துறையே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று சிறுவர் இதழ்களையும் 2022-ல் தொடங்கியது.

இதில் நாம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அப்பா அம்மா வேலையிலிருந்து திரும்பாத அந்தச் சாயங்கால நேரத்தில், தெரிந்த ஒரு அக்கா உட்கார்ந்து கதை சொல்கிறார். சுற்றிலும் சிநேகிதப் பிள்ளைகள். கதை, பெரியவர் ஒருவர், சிநேகிதர்கள். ஆட்டம் கண்ட குழந்தை மனசை நிறுத்திவைக்கும் மூன்று கால் முக்காலி இதுதான்.

குழந்தை போடும் தப்புக் கணக்கு

கதையைத் தேர்ந்தெடுக்கும் முன், எந்த வயதில் எப்படி யோசிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

* 3 முதல் 5 வயது: உலகமே தன்னைச் சுற்றித்தான் நடக்கிறது என்று நம்பும் வயது. “நான் பால் குடிக்க மாட்டேன்னு அழுதேன், அதான் அப்பா போய்ட்டாரு” என்று முடிவு கட்டிவிடும். ‘எனக்கு யார் சோறு ஊட்டுவா?’ என்பது அடுத்த பயம்.

* 6 முதல் 8 வயது: ஏக்கம் அதிகம். காத்திருக்கும். பிரிந்த அப்பாவையும் அம்மாவையும் எப்படியாவது சேர்த்து வைத்துவிடலாம் என்று திட்டம் போடும். காய்ச்சல் வந்தால் இரண்டு பேரும் வருவார்கள் என்று தெரிந்துவிட்டால், அடிக்கடி வயிற்றுவலி வரும். நடிப்பு என்று திட்டாதீர்கள், பல சமயம் வலி நிஜமாகவே இருக்கும்.

* 9 முதல் 12 வயது: கோபம் வரும். யார் மீது தப்பு என்று தீர்ப்புச் சொல்லி ஒரு பக்கம் சாயும். ஸ்கூலில் யாருக்கும் தெரியக்கூடாது என்று வெட்கப்படும். “எங்கப்பா மிலிட்டரில இருக்காரு” என்று பொய் சொல்வதும் இந்த வயதில்தான்.

* 13-க்கு மேல்: பெரிய மனுஷன் போல நடந்துகொள்ளும். “அம்மா, நீ அழாதே, நான் இருக்கேன்” என்று சொல்லும். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அந்தச் சின்னத் தோள் தாங்குகிற பாரம் அல்ல அது.

நான்கு வயதினருக்கும் பொதுவாக மூன்று கேள்விகள் உள்ளே ஓடும். ‘இது என்னாலயா?’ ‘இனிமே என்னை யார் பார்த்துப்பா?’ ‘மறுபடி பழைய மாதிரி ஆகுமா?’ நல்ல கதை இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் சொல்லும்.

கதை எப்படி மருந்தாகிறது?

புத்தகத்தை வைத்து மனதுக்கு வைத்தியம் பார்ப்பதற்கு மேல்நாட்டில் ‘பிப்ளியோதெரபி’ என்று பெயர். 1916-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் சாமுவேல் குரோதர்ஸ் என்பவர் இந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தினார். சொல் புதுசு, விஷயம் பழசு. நம் பாட்டிமார்கள் செய்ததும் இதுதானே?

இது மூன்று படியாக வேலை செய்கிறது. முதலில், ‘அட, என்னை மாதிரியே ஒரு பொண்ணு’ என்று குழந்தை அடையாளம் கண்டுகொள்ளும். இரண்டாவது, கதையில் வரும் பெண் அழும்போது இதுவும் அழும். தனக்காக அழக் கூச்சப்படுகிற பிள்ளைகூட மலருக்காகவோ மணிக்காகவோ அழும். மூன்றாவது, ‘அவ அப்படிச் செஞ்சா, நானும் செய்யலாமே’ என்று ஒரு வழி தெரியும்.

ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990-ல், சிறுவர் புத்தகங்கள் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். கண்ணாடி என்றால் தன் வாழ்க்கை தெரிய வேண்டும். ஜன்னல் என்றால் அடுத்தவர் வாழ்க்கை தெரிய வேண்டும். உப்பளத்துப் பிள்ளைக்குத் தன் ஊர்க் கதை கண்ணாடி. அதே கதை மயிலாப்பூர்ப் பிள்ளைக்கு ஜன்னல். பக்கத்து பெஞ்சில் உட்காரும் பையனின் அப்பா வீட்டில் இல்லை என்றால், அவனைக் கிண்டல் செய்யாமல் கூட உட்கார்ந்து சாப்பிட, ஜன்னல் கதை வேண்டும். ஆகவே, ‘நம்ம வீட்ல பிரச்னை இல்லையே’ என்று இந்தக் கதைகளை ஒதுக்காதீர்கள்.

சிநேகிதம் ஏன் முக்கியம்?

வீடு மாறும்போது மாறாமல் இருக்க ஏதாவது ஒன்று வேண்டும். பல பிள்ளைகளுக்கு அது சிநேகிதன்தான். அவனிடம் அறிவுரை இல்லை, “ஐயோ பாவம்” இல்லை. பம்பரம் இருக்கிறது. அது போதும்.

ஜப்பானின் தெத்சுகோ குரோயநாகி எழுதிய ‘டோட்டோ-சான்’ தமிழிலும் கிடைக்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கும் ஒரு பள்ளி. முதல் நாள் தலைமையாசிரியர் கோபயாஷி, அந்தச் சிறுமி பேசப் பேச மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இடையில் கொட்டாவிகூட இல்லை! போலியோவால் கை கால் முடங்கிய யாசுவாகி என்ற சிநேகிதனை, டோட்டோ-சான் ஏணி வைத்து, இழுத்துப் பிடித்துத் தன் மரத்தில் ஏற்றிவிடுகிறாள். பிற்பாடு அந்தப் பையன் இறந்துபோகிறான். புத்தகம் அதை மறைக்கவில்லை, ஊதிப் பெரிதாக்கவும் இல்லை. சாவைப் பற்றிக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று தவிக்கிற அம்மாக்கள் அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள்.

1943-ல் பிரெஞ்சில் வெளிவந்த ‘குட்டி இளவரசன்’ இன்னொன்று. வெ. ஸ்ரீராமும் புதுச்சேரியைச் சேர்ந்த மதனகல்யாணியும் தமிழாக்கியது. அதில் வரும் நரி, சிநேகிதம் என்றால் நேரம் கொடுப்பது, தினமும் சொன்ன நேரத்துக்கு வருவது என்று அந்தக் குட்டிப் பையனுக்குப் புரியவைக்கிறது. பிரிந்து வாழும் அப்பாக்களுக்கும் இது பாடம்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்றால் பத்து மணிக்கு வந்து நில்லுங்கள்!

‘குழந்தையும் தெய்வமும்’ செய்த நல்லதும், ஒரு எச்சரிக்கையும்

1965-ல் வந்த ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தை மறக்க முடியுமா? கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். ஜெய்சங்கரும் ஜமுனாவும் பிரிந்த தம்பதி. இரட்டைப் பிள்ளைகளாகக் குட்டி பத்மினி. ஆள் மாறி வீடு மாறி, அப்பாவையும் அம்மாவையும் அந்தக் குட்டிகள் சேர்த்து வைத்ததைப் பார்த்து நம் அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

இந்தக் கதையின் பூர்வீகம் ஜெர்மனி. எரிஷ் கெஸ்ட்னர் 1949-ல் எழுதிய சிறுவர் நாவல் அது. லூயிசே, லோட்டே என்று இரண்டு சிறுமிகள். கோடை முகாமில் சந்தித்து, முதலில் முறைத்துக்கொண்டு, பிறகு சிநேகிதிகளாகி, அப்புறம்தான் அக்கா தங்கை என்று கண்டுபிடிக்கிறார்கள். 1961-ல் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. அங்கிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்தது. 1968-ல் இந்திக்கும் போனது.

‘குழந்தைகள் கதையில் விவாகரத்தா?’ என்று கேட்பவர்களுக்குக் கெஸ்ட்னர் அந்த நாவலிலேயே பதில் வைத்திருக்கிறார். பெற்றோர் பிரிவதால் துன்பப்படும் பிள்ளைகள் உண்டு, பிரியாமல் சண்டையிட்டுக்கொண்டே இருப்பதால் துன்பப்படும் பிள்ளைகளும் உண்டு, கஷ்டத்தை மட்டும் அவர்கள் படலாம், அதைப் பற்றிப் பேசக் கூடாதா என்பது அவர் வாதத்தின் சாரம். நியாயம்தானே?

இப்போது எச்சரிக்கை. நிஜத்தில் பிரிந்த பெற்றோர் எல்லோரும் சேர்வதில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதையை மட்டும் சொன்னால், ‘அந்தப் பொண்ணுங்க சேர்த்து வெச்சாங்க, என்னால முடியலையே’ என்று தன்னையே நொந்துகொள்ளும். சேர்த்துவைப்பது குழந்தையின் வேலை அல்ல என்று சொல்லும் கதையும் அதற்கு வேண்டும்.

அப்படி ஒன்று, அமெரிக்காவின் பெவர்லி கிளியரி 1983-ல் எழுதிய ‘டியர் மிஸ்டர் ஹென்ஷா’. லீ என்ற பையன். அப்பா லாரி டிரைவர், பிரிந்து போய்விட்டார். பையன் தனக்குப் பிடித்த எழுத்தாளருக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, பிறகு டயரியாக எழுதிக்கொண்டே போகிறான். கடைசியில் அப்பா வருகிறார், ஆனால் குடும்பம் ஒன்றுசேரவில்லை. அந்தப் பையன் தன் செல்ல நாயை அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறான், லாரியில் தனியாகப் போகிற மனுஷனுக்குத் துணை வேண்டுமே என்று. சோகம் இருக்கிறது. ஆனால் பையன் தேறிவிட்டான் என்று தெரிகிறது. அதுதான் கதை தர வேண்டிய பலம்.

நீங்களே ஒரு கதை கட்டலாம்

கடையில் சரியான புத்தகம் கிடைக்கவில்லையா? பரவாயில்லை. உங்கள் பிள்ளைக்கு ஏற்றபடி நீங்களே கட்டுங்கள். மாதிரிக்கு, மரக்காணத்தை வைத்து ஒரு கற்பனைக் கதை இதோ:

*மலருக்கு எட்டு வயசு. அவள் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்குப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. அன்று காலையில்தான் மலர், உப்பளத்துக்குக் கஞ்சி கொண்டுபோன தூக்குவாளியைப் பாத்தியில் கவிழ்த்துவிட்டிருந்தாள். அப்பா கத்தினார். ‘நான் கஞ்சியைக் கொட்டினேன், அதான் போய்ட்டாரு’ என்று மலர் நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தூக்குவாளியைத் தொடவே மாட்டாள்.*

*அவளுடைய சிநேகிதி ஜோதி ஆயாவோடு இருக்கிறாள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். ஒருநாள் இரண்டு பேரும் கழுவெளி ஏரிக்கரையில் பறவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூநாரைக் கூட்டம் ஒன்று ரோஜாப்பூ நிறத்தில் எழும்பிப் பறந்தது.*

*“ஏன் ஜோதி போவுது?”*

*“தண்ணி வத்திப்போச்சு, போவுது.”*

*“நாம கத்தினதாலயா?”*

*“சீ! நாம கத்தாட்டியும் போவும்டி.”*

*மலர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தூக்குவாளி விஷயத்தை மெதுவாகச் சொன்னாள். ஜோதி சிரிக்கவில்லை. “உங்கம்மாவையே கேளேன். நானும் வரேன்” என்றாள்.*

*அம்மா கேட்டதும் மலரை மடியில் இழுத்துக்கொண்டாள். “கஞ்சி கொட்டினதுக்கு யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா? எனக்கும் அப்பாவுக்கும் ஒத்துவரலை, கண்ணு. அது பெரியவங்க விஷயம். உன்னாலயும் இல்ல, உன்னால அதைச் சரிபண்ணவும் முடியாது. அவரு நம்ம வீட்ல தங்க மாட்டாரு. ஆனா மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை உன்னைப் பார்க்க வருவாரு.”*

*முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினார். மலர் ஜோதியையும் கூட்டிப்போயிருந்தாள். மூன்று பேரும் வேர்க்கடலை தின்றார்கள். சாயங்காலம் பஸ் கிளம்பியதும் மலருக்கு அழுகை வந்தது. ஜோதி கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று ராத்திரி மலர் ஒரு படம் வரைந்தாள். இரண்டு வீடு. நடுவில் ஒரு ரோடு. ரோட்டில் அவளும் ஜோதியும். மறுநாள் காலையில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பினாள்.*

கவனித்தீர்களா? இந்தக் கதையில் ‘அப்பா கெட்டவர்’ என்று ஒரு வார்த்தை இல்லை. பொய்யான நம்பிக்கை இல்லை. ‘உன்னால் இல்லை’ என்பது தெளிவாக இருக்கிறது. அடுத்து எப்போது பார்ப்போம் என்பதற்கு ஒரு கிழமை சொல்லப்படுகிறது. அழுகை வருகிறது, ஆனால் கூட ஒரு கை இருக்கிறது. இந்த ஐந்தும் இருந்தால் போதும், நீங்கள் எந்த ஊரை வைத்தும் கதை கட்டலாம். அப்பா இறந்த வீடு என்றால் ‘வெளியூர் போயிருக்கார்’, ‘தூங்குறார்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெளியூர் போனவர் திரும்புவார் என்று காத்திருக்கும். தூங்கவே பயப்படும் பிள்ளைகளும் உண்டு. ‘இறந்துட்டார், இனி வரமாட்டார், ஆனா நாங்க இருக்கோம்’ என்று எளிமையாக, நிஜத்தைச் சொல்லுங்கள்.

சொல்லும் முறை

* தினமும் ஒரே நேரம், ஒரே இடம். இரவு சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிஷம் போதும். டி.வி.யையும் செல்போனையும் அணைத்துவிடுங்கள்.

* பிள்ளையின் நிலைமைக்கு அச்சு அசலான கதையோடு ஆரம்பிக்காதீர்கள். முதலில் பறவை, ஆட்டுக்குட்டி கதைகள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள்.

* கதை முடிந்ததும் “பார்த்தியா, நீயும் அப்படி இருக்கணும்” என்று நீதி சொல்லாதீர்கள். மருந்தில் உப்பை அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

* “உனக்கு எப்படி இருக்கு?” என்று கேட்பதைவிட “மலருக்கு அப்போ எப்படி இருந்திருக்கும்?” என்று கேளுங்கள். அவளைப் பற்றிப் பேசுகிற சாக்கில் தன்னைப் பற்றிப் பேசிவிடும்.

* பதில் வரவில்லையா? விட்டுவிடுங்கள். படம் வரையச் சொல்லுங்கள். அல்லது, லீ செய்தது போல ஒரு கடிதம் எழுதட்டும், போஸ்ட் பண்ண வேண்டும் என்று அவசியமில்லை. அதை ஒளித்து வைத்தால் திருட்டுத்தனமாகப் படிக்காதீர்கள்.

* ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் புண்ணுக்கு அந்த மருந்துதான் தேவைப்படுகிறது என்று அர்த்தம்.

* பிரிந்திருக்கும் அப்பாவும் போனில் கதை சொல்லலாம். ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்று இங்கே, ஒன்று அங்கே. தினம் ஒரு பக்கம்.

* சிநேகிதர்களை வீட்டுக்கு வரவிடுங்கள். ஊர் மாறினால் பழைய சிநேகிதனோடு பேச வழி செய்து கொடுங்கள்.

புத்தகம் வாங்கும்போது

கதையில் வரும் பிள்ளைக்குத் தன் மூளை உண்டா, இல்லை பெரியவர் வந்துதான் எல்லாம் தீர்க்கிறாரா என்று பாருங்கள். சித்தி என்றாலே கொடுமைக்காரி, குடிக்கிற அப்பா என்றாலே ராட்சசன் என்று அடித்து வைத்த கதைகளைத் தள்ளிவையுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டுக்கே ஒரு சித்தி வரலாம்.

தமிழில் இப்போது துணிச்சலான சிறுவர் நூல்கள் வருகின்றன. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ ஒரு நல்ல உதாரணம். தப்பான தொடுதல் பற்றி, ஒரு மரப்பாச்சி பொம்மையைச் சிநேகிதியாக்கிப் பேசுகிறது. 2020-க்கான பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றது. மரக்காணத்துக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரியில் வாழ்ந்த ம.இலெ. தங்கப்பாவின் ‘சோளக்கொல்லைப் பொம்மை’ சிறுவர் பாடல்கள் 2011-ல் அதே விருதைப் பெற்றன. நாடகத்தின் மூலம் குழந்தைகளைச் சிரிக்கவைக்கும் வேலு சரவணனும் புதுச்சேரிக்காரர்தான். கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும் என்பதில்லை.

எப்போது டாக்டர்?

கதை முதலுதவிதான், முழு வைத்தியம் அல்ல. கீழே உள்ளவை இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் குழந்தை நல மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள்:

* நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வருவது
* காரணமில்லாத வயிற்றுவலி, தலைவலி
* ஸ்கூலுக்குப் போக மறுப்பது, மார்க் திடீரென்று சரிவது
* சிநேகிதர்களை விட்டு ஒதுங்குவது
* சரியாகச் சாப்பிடாமை, தூங்காமை, கெட்ட கனவு

“செத்துப்போனா நல்லா இருக்கும்” என்ற பேச்சு வந்தால் வாரக்கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் இலவச எண் 14416. குழந்தைக்கு அடி, உதை, வேறு ஆபத்து என்றால் 1098. பெற்றோரை இழந்து ஆதரவின்றி நிற்கும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தை 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கியது. விவரத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டறியலாம்.

வீட்டுப்பாடம், உங்களுக்கு!

இந்த வாரம் உங்கள் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, “நம்ம குடும்பத்தை வரை” என்று சொல்லுங்கள். யார் பெரிசு, யார் சின்னது, யாரைக் காணோம், யார் மூலையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். திருத்தாதீர்கள். “ஏன் அப்பாவை வரையலை?” என்று மிரட்டாதீர்கள். “இவங்களைப் பத்தி ஒரு கதை சொல்லேன்” என்று மட்டும் கேளுங்கள்.

பிறகு நீங்கள் பேசாமல் கேளுங்கள். கோபயாஷி வாத்தியார் போல மணிக்கணக்கெல்லாம் வேண்டாம், அரை மணி நேரம் போதும். இத்தனை நாளும் கதவுக்குப் பின்னால் நின்றபடி அது என்ன கதை பின்னி வைத்திருக்கிறது என்று அப்போது தெரியும். எதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்றும் தெரியும்.